டூயி சொன்ன அந்தப் பொதுமக்கள் யார்?

குறிஞ்சி, 9 ஜனவரி, மாலை

எம்.ஏ. அரசியல் அறிவியலில் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி எங்களுக்கு ஒரு யூனிட். கையில் இருப்பது நாலு பக்க நோட்ஸ். அதை வைத்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மக்கள் கூடிப் பேசினால் எல்லாம் சரியாகும், ஜனநாயகத்தின் நோய்க்கு மருந்து இன்னும் கொஞ்சம் ஜனநாயகம் என்று சொன்ன நல்ல மனசுக்கார வாத்தியார். கல்வியில் பெரிய ஆள், அரசியலில் வெள்ளந்தி. நிஜத்தைப் பேசினவர் அதே காலத்துப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன். குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு வாரம் இருந்திருந்தால் டூயி 'தி பப்ளிக் அண்ட் இட்ஸ் ப்ராப்ளம்ஸ்' புத்தகத்தையே எழுதியிருக்க மாட்டார். மறுப்பு இருந்தால் சொல்லுங்க.

பனிக்காட்டான், 9 ஜனவரி, இரவு 10.40

மறுப்பு இருக்கு. நல்ல மனசு, சரி. வாத்தியார், சரி. வெள்ளந்தி, இல்லை.

லிப்மன் 1922-ல் 'பப்ளிக் ஒப்பீனியன்' எழுதியபோது டூயி 'நியூ ரிபப்ளிக்' இதழில் மதிப்புரை போட்டார். ஜனநாயகம் இப்போது புரிந்துகொள்ளப்படும் விதத்தின் மேல் இதைவிட வலுவான குற்றப்பத்திரிகை யாரும் எழுதியதில்லை என்கிற அளவுக்குப் பாராட்டினார். எதிராளியின் நோய்க்கணிப்பை முதல் ஆளாக ஒப்புக்கொண்டவர் அவர். சாதாரண மனுஷனுக்கு நேரம் இல்லை, தகவல் இல்லை, தலைக்குள் இருக்கும் படங்களை வைத்தே உலகத்தைப் பார்க்கிறான் என்று லிப்மன் சொன்ன எதையும் டூயி மறுக்கவில்லை. மருந்துச்சீட்டில்தான் தகராறு: லிப்மன் நிபுணர்களை நம்பினார்.

நாளைக்கு எழுதறேன். வெளியே மைனஸ் பதினெட்டு. கார் கிளம்புமா என்று காலையில் பார்க்கணும்.

பனிக்காட்டான், 10 ஜனவரி

கார் கிளம்பவில்லை. அதனால் உங்களுக்கு நீளமான பதில்.

உங்க நோட்ஸில் இருக்கும் அந்த 'இன்னும் கொஞ்சம் ஜனநாயகம்' வரி. 1927-ல் வந்த 'தி பப்ளிக் அண்ட் இட்ஸ் ப்ராப்ளம்ஸ்' நூலில் டூயி அதைப் பழைய சொலவடை என்று சொல்லித்தான் எடுக்கிறார். எடுத்துவிட்டு, இருக்கிற அதே மாதிரி எந்திரங்களை இன்னும் நாலு கூட்டி வைப்பதுதான் அதற்கு அர்த்தம் என்றால் அது பொருந்தாது என்கிறார். அதாவது இன்னொரு தேர்தல், இன்னொரு கமிட்டி, இன்னொரு வாக்கெடுப்பு வைத்தால் தீராது. நோட்ஸ் எழுதினவர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்.

பிறகு 'பொதுமக்கள்' என்ற சொல். நாம் அதை ஊர்ச்சனம் என்கிற பொருளில் படிக்கிறோம். டூயி அப்படிச் சொல்லவில்லை. நானும் நீங்களும் ஒரு ஒப்பந்தம் போடுகிறோம். அதன் விளைவு நம்மோடு முடிந்தால் அது தனி விவகாரம். நம் பேச்சில் இல்லாத மூன்றாவது ஆள் தலையில் விளைவு விழுந்து, அதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும் என்ற நிலை வந்தால், அப்படித் தலையில் விழுந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு 'பப்ளிக்'. அவர்கள் தங்களுக்காகக் காவல் வைத்துக்கொள்ளும் அதிகாரிகள்தான் அரசு. ஆக, பொதுமக்கள் என்று ஒரே கூட்டம் எப்போதும் காத்துக்கொண்டு நிற்பதில்லை. சாக்கடைக்கு ஒரு பப்ளிக், ரயில் கட்டணத்துக்கு இன்னொரு பப்ளிக்.

இதில் மோசமான செய்தி என்ன? விளைவு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாவிட்டால், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாங்கள் ஒரு கூட்டம் என்றே தெரியாது. 1920-களின் அமெரிக்கா அந்த நிலையில்தான் இருந்தது என்பது அவர் வாதம். நாலாம் அத்தியாயத்தின் பெயரே 'பொதுமக்களைப் பிடித்த கிரகணம்'. வெள்ளந்தி ஆள் வைக்கிற தலைப்பா இது?

குறிஞ்சி, 10 ஜனவரி

சரி அண்ணா, கிரகணம் வரை ஒப்புக்கறேன். ஆனா கிரகணம் விட்ட பிறகு என்ன பண்ணணும்னு அவர் சொல்லலையே? "பேசுங்க, பேசுங்க"ன்னு சொல்றாரு. நிபுணர்கள் எதுக்கு இருக்காங்க?

இன்னொரு சந்தேகம், சிரிக்காதீங்க. நூலகத்துல புத்தகத்துக்கு நம்பர் போட்டவரும் இவர்தானா?

பனிக்காட்டான், 11 ஜனவரி

சிரிக்காமல் எப்படி? நம்பர் போட்டவர் மெல்வில் டூயி. இவர் ஜான். நெருங்கிய உறவில்லை. அந்த டூயியின் கணக்கில் அமெரிக்கத் தத்துவத்துக்கு 191. எங்க ஊர் நூலகத்தில் இந்த டூயி அந்த டூயி போட்ட 191-க்குக் கீழே தூசி தின்றுகொண்டு இருக்கிறார். மூன்றாவது டூயியும் உண்டு: 1948 தேர்தலில் ட்ரூமனைத் தோற்கடித்துவிட்டதாக சிகாகோ ட்ரிப்யூன் அவசரத்தில் அச்சடித்து மானம் போனதே, அந்த தாமஸ் டூயி. அவரும் வேறு ஆள்.

நிபுணர் விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு செருப்பு வருகிறது (அவர் சொன்னது ஷூ). அது கடிக்கிறது என்பதும், எந்த இடத்தில் கடிக்கிறது என்பதும் போட்டுக்கொண்டு நடக்கிறவனுக்குத்தான் தெரியும். எப்படிச் சரிசெய்வது என்பது தைக்கிறவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். டூயி நிபுணரை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கால் யாருடையது என்று மறந்துவிட்ட நிபுணர் கூட்டம் தனக்கென ஒரு வர்க்கமாகிவிடும், பிறகு அதன் அறிவு பொது அறிவாகவே இருக்காது என்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது நம்பவில்லை. நம்பினது ஒரு பள்ளி வாரியக் கூட்டத்தில்.

பனிக்காட்டான், 13 ஜனவரி

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகர். இங்கே பள்ளி வாரியத்துக்கு உறுப்பினர்களை நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். போன வருஷம் பள்ளி எல்லையை மாற்றினார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் இனி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நடுநிலைப் பள்ளிக்குப் போகணும் என்று தீர்மானம். வெளியிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்திருந்தார்கள். வண்ண வண்ண வரைபடம், ஒவ்வொரு தெருவுக்கும் தூரம், வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு. குறை சொல்ல முடியாத வேலை.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜை மேல் குட்டி விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. நான் இரண்டு பக்கம் தயாரித்துக் கொண்டு போனேன். முதல் பத்தியிலேயே டூயி. மஞ்சள் எரிந்தபோது 1916-ல் இருந்தேன், சிவப்பு எரிந்தபோது 1927. தெருவின் பெயரையே நான் சொல்லவில்லை என்று வீட்டுக்காரி காரில் வரும்போது நினைவுபடுத்தினாள்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா. காலையில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட ஸ்டாப் பலகையோடு நிற்பவர். மஞ்சள் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தார். அவர் சொன்னது: "ஏழே முக்காலுக்கு ஒரு சரக்கு ரயில் வந்து கிராசிங்கில் நிற்கும். சில நாள் கால் மணி நேரம். பெரிய பசங்க பெட்டிக்குப் பெட்டி நடுவில் புகுந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். இவங்க பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். பள்ளி மணி எட்டுக்கு." அவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா தெரியவில்லை, பச்சை விளக்கு மாறவே இல்லை. ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் கிராசிங் என்று கேட்டார். அவருடைய படத்தில் ரயில் பாதை இருந்தது. ரயில் இல்லை.

தீர்மானத்தை ஒத்திவைத்தார்கள். பிறகு எங்கள் தெருவை விட்டுவிட்டார்கள். கால் தெரிந்தவர் பேசினார், தைக்கிறவர் திருத்தினார். டூயி ஜெயித்தார் என்று நான் ரொம்ப நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குறிஞ்சி, 14 ஜனவரி

கதை நல்லா இருக்கு. ஆனா லிப்மன் இதுக்கு என்ன சொல்லுவாரு? "அந்தம்மாவுக்குக் கிராசிங் தெரியும். வட்டி விகிதம் தெரியுமா? வெளியுறவு தெரியுமா?" சின்ன ஊர் உதாரணத்தை வச்சுக்கிட்டு பெரிய நாட்டுக்குப் பேசக் கூடாது. அப்புறம், டூயியே முதல் உலகப் போரில் சேரணும்னு எழுதினவர்தானே?

பனிக்காட்டான், 16 ஜனவரி

அடி சரியான இடத்தில் விழுந்திருக்கு.

ஆமாம். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்குவதை டூயி ஆதரித்தார். போரைக் கருவியாகப் பயன்படுத்தி உலகத்தை ஜனநாயகத்துக்கு ஏற்றபடி மாற்றலாம், உள்நாட்டிலும் தொழிலைப் பொதுநலனுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று நம்பினார். அவர் மாணவர் ராண்டால்ஃப் போர்ன் அதே ஆண்டு அக்டோபரில் ஒரு கட்டுரையில் வாத்தியாரைப் பிரித்து மேய்ந்தார். உங்கள் தத்துவம் கருவிகளைப் பற்றி நன்றாகப் பேசுகிறது, எதற்காக என்று கேட்டால் கையை விரிக்கிறது; போர் நீங்கள் ஓட்டுகிற வண்டி இல்லை, அது உங்களை ஓட்டுகிறது என்பது சாரம். போர்ன் 1918 டிசம்பரில் இன்ஃபுளூயன்சாவில் போனார், வயசு 32. போருக்குப் பிந்தைய வெர்சேய் ஒப்பந்தம் அவர் சொன்னதை மெய்யாக்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

டூயி பாடம் நடத்திய கொலம்பியா பல்கலைக்கழகமே 1917-ல் போர் எதிர்ப்பு என்று சொல்லிப் பேராசிரியர்களை வேலை நீக்கம் செய்தது. அதில் ஒருவர் உளவியலாளர் ஜேம்ஸ் கேட்டல், டூயியைக் கொலம்பியாவுக்கு அழைத்துவரத் துணைநின்றவர். வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே போனார். டூயி கண்டித்தார், வெளியே போகவில்லை. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு மனிதர் முழுதாகத் திரும்பினார். போரையே சட்டவிரோதம் ஆக்கணும் என்ற இயக்கத்தில் இருந்தார். 1939-ல், என்ன நடந்தாலும் வெளியே நில்லுங்கள் என்று எழுதினார். முதல் தடவை நெருப்பில் கை வைத்தவர் இரண்டாம் தடவை அடுப்படிக்கே வரமாட்டேன் என்றார். அந்த இரண்டாவது முடிவு சரியா என்பது வேறு வழக்கு.

பனிக்காட்டான், 17 ஜனவரி

ஒரு திருத்தம். இந்த இழையில் நானும் நீங்களும் 'லிப்மன் எதிர் டூயி' என்று கபடிப் போட்டி மாதிரி எழுதுகிறோம். அப்படி ஒரு நேருக்கு நேர் விவாதம் நடக்கவே இல்லை. லிப்மன் இரண்டு நூல் எழுதினார் (இரண்டாவது, 1925-ல் 'தி ஃபேன்டம் பப்ளிக்'). டூயி இரண்டுக்கும் மதிப்புரை எழுதினார். 1926 ஜனவரியில் ஒஹாயோ மாநிலம் கென்யன் கல்லூரியில் பேசிய பேச்சுகள்தான் அந்த 1927 நூல் ஆயிற்று. அவ்வளவே. 'விவாதம்' என்று பேர் வைத்தது பின்னால் வந்த பேராசிரியர்கள்.

பனிக்காட்டான், 20 ஜனவரி

சனிக்கிழமை. பிள்ளை சதுரங்க வகுப்பில் இருந்த நேரத்தில் ஹால்ஸ்டெட் தெருவுக்குப் போய் ஹல் ஹவுஸைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழைக் குடியேறிகள் நடுவில் வாழ்ந்து உதவ, சமூக சேவகர்கள் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் குடியேறிய வீடு. சுற்றிலும் பல்கலைக்கழகத்தின் கான்கிரீட், நடுவில் செங்கல் வீடு. ஒரு காலத்தில் 13 கட்டடங்கள் இருந்த வளாகம். வீடும் உணவுக்கூடமும்தான் மிச்சம். டூயி இதன் அறங்காவலர்களில் ஒருவர். ஒரு மகளுக்கு ஜேன் என்று ஆடம்ஸ் பெயரையே வைத்தார்.

குறிஞ்சி, டூயியின் அரசியல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் நூலகத்தைக் காட்ட மாட்டேன், இந்த வீட்டைக் காட்டுவேன். 1895-ல் ஆடம்ஸ் இந்த வார்டுக்குக் குப்பை ஆய்வாளர் வேலை வாங்கிக்கொண்டு விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னால் போனார். ஒரு சந்தில் தோண்டிக்கொண்டே போனால் ஒன்றரை அடிக்குக் கீழே கல் பாவிய தெரு! அந்தத் தெருவில் குடியிருந்த இத்தாலியர்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லையாம். புதைந்த ஊரைத் தோண்டி எடுப்பதைப் பார்த்துப் பழகினவர்கள் என்று ஆடம்ஸ் கிண்டலாக எழுதுகிறார். குப்பையை ஒருவன் போடுகிறான், காய்ச்சல் இன்னொருவன் பிள்ளைக்கு வருகிறது. முப்பது வருஷம் கழித்து டூயி எழுதிய 'மறைமுக விளைவு' வேறென்ன?

இன்னொன்று. டூயி சிகாகோ வந்து இறங்கினது 1894 ஜூலை. அப்போது புல்மன் வேலைநிறுத்தம். ரயில்பெட்டி முதலாளி புல்மன் கூலியை ஏறத்தாழ கால்வாசி வெட்டிவிட்டு, அதே தொழிலாளிகள் குடியிருந்த தன் வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கினார். ரயிலில் சங்கத்து ஆள் ஒருவரோடு பேசிவிட்டு, வேலையை விட்டுவிட்டு இவர் பின்னாலேயே போய்விடலாமா என்றிருக்கிறது என்று டூயி மனைவி ஆலிஸுக்கு எழுதினார். போகவில்லை. அப்போது வயசு 34, பிள்ளைகுட்டிக்காரர், புது வேலை. ராக்கஃபெல்லர் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகம் வேறே. நாமும் போயிருக்க மாட்டோம்.

குறிஞ்சி, 21 ஜனவரி

இந்தக் குப்பை வண்டி விஷயத்தை நோட்ஸில் போட்டிருந்தா யூனிட்டே புரிஞ்சிருக்கும். அம்பேத்கருக்கு இவர் வாத்தியார்னு ஒரு வரி மட்டும் இருக்கு. அது எவ்வளவு ஆழம்?

பனிக்காட்டான், 23 ஜனவரி

ஆழம்தான். 1913 முதல் 1916 வரை அம்பேத்கர் கொலம்பியாவில் படித்தார். டூயியின் 'டெமாக்ரசி அண்ட் எஜுகேஷன்' வந்தது 1916. அதில், ஜனநாயகம் அரசாங்க வடிவம் மட்டுமல்ல, முதன்மையாக அது சேர்ந்து வாழும் முறை என்ற வரி வருகிறது. 1936-ல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அம்பேத்கர் அதே வரியை ஏறத்தாழ அப்படியே எடுத்து, சக மனிதர்கள் மேல் வைக்கும் மரியாதை என்று தன் பங்கைச் சேர்க்கிறார். டூயி தன் ஆசிரியர், அவருக்குத் தான் மிகவும் கடமைப்பட்டவன் என்று அங்கேயே சொல்கிறார்.

எனக்குப் பிடித்தது 'எண்டாஸ்மாஸிஸ்' என்ற சொல். நாம் பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிப் படித்த சவ்வூடு பரவல். ஆளும் கூட்டம், அடங்கின கூட்டம் என்று சமூகம் பிரிந்தால் இந்தப் பரவல் நின்றுபோகிறது என்று டூயி எழுதினார். அம்பேத்கர் அந்தச் சொல்லைச் சாதிக்கு எதிராகத் திருப்பினார். வாத்தியாரைவிட மாணவர் கையில் அது கூர்மையாக இருந்தது. சொந்த நாட்டின் நிறவெறியைப் பற்றி டூயி பேசினது குறைவு. NAACP-க்கு வித்திட்ட 1909 அழைப்பில் கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால் தத்துவ நூல்களில் அந்தக் காயம் நடுவில் வந்து உட்காரவில்லை.

1952 ஜூன் 5-ல் கொலம்பியா அம்பேத்கருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. டூயி இறந்தது ஜூன் 1. நாலு நாள்.

(NAACP என்று ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டேன், கைப்பேசி செய்த வேலை. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம்.)

பனிக்காட்டான், 28 ஜனவரி

மூன்று நாளாக ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ரோட்ஸ்கியின் விசாரணையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1937 ஏப்ரல், மெக்சிகோவில் கொயோவாகான், ஃப்ரீடா காலோவின் நீல வீடு. மாஸ்கோ வழக்குகளில் ட்ரோட்ஸ்கி மேல் ஸ்டாலின் சுமத்தின குற்றச்சாட்டுகளை விசாரிக்கத் தலைமை தாங்கினவர் 77 வயசு டூயி. போகாதீர்கள் என்று குடும்பத்திலும் நண்பர்களிலும் தடுத்தார்கள். ட்ரோட்ஸ்கியின் கொள்கையில் அவருக்குத் துளியும் உடன்பாடில்லை. போய் உட்கார்ந்து ஒரு வாரம் கேட்டார். அந்த ஆண்டு இறுதியில் தீர்ப்பு: குற்றமற்றவர்.

அதோடு விடவில்லை. ட்ரோட்ஸ்கி 1938-ல் ஒழுக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுத, டூயி பதில் எழுதினார். வழியை நியாயப்படுத்துவது முடிவுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இந்த வழியில் போனால் நிஜமாகவே அந்த முடிவுக்குத்தான் போய்ச் சேருவோமா என்று பார்த்தீர்களா? பார்க்கவில்லை, வர்க்கப் போராட்டம் வரலாற்றின் விதி என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டு, வழியை அதிலிருந்து இறக்குகிறீர்கள்.

16-ஆம் தேதி நான் எழுதினதை இத்தோடு சேர்த்துப் படிக்கணும். 1917-ல் போர்ன் கேட்ட கேள்வியைத்தான் 1938-ல் டூயி ட்ரோட்ஸ்கியிடம் கேட்கிறார். போர்னின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

குறிஞ்சி, 29 ஜனவரி

எனக்கு இப்ப டூயியைப் பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு, எரிச்சலா இருக்கு. பரீட்சை 12-ஆம் தேதி. எதைப் படிக்கட்டும்?

பனிக்காட்டான், 29 ஜனவரி

1927 நூலில் நாலும் ஆறும். நேரம் இருந்தால் 1939-ல் தன் எண்பதாவது பிறந்தநாள் விழாவுக்கு எழுதி அனுப்பின 'கிரியேட்டிவ் டெமாக்ரசி'. சின்னது. விழாவுக்கே அவர் போகவில்லை, வேறொருவர் வாசித்தார். நடை கரடுமுரடாக இருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் டூயியின் ஒரு நூலைப் படித்துவிட்டு, கடவுளுக்குப் பேச வராமல் இருந்து, ஆனாலும் நடந்ததைச் சொல்லியே தீரணும் என்ற தவிப்பு மட்டும் இருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார் என்ற மாதிரி எழுதினார். அது பாராட்டு.

பனிக்காட்டான், 4 பிப்ரவரி

13-ஆம் தேதி எழுதின கதையில் ஒரு பாதியை விட்டிருந்தேன். குறிஞ்சியின் நோட்ஸை எழுதினவரைத் திட்டின வாயால் இதையும் சொல்லணும்.

எங்கள் தெருவை விட்டுவிட்டார்கள் என்றேன். இடம் காலியாகுமா? அந்தப் பள்ளிக்கு வேறு பிள்ளைகளை அனுப்பினார்கள். பாதைக்கு இந்தப் பக்கமே, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு வாடகை அடுக்ககம். அங்கிருந்து யாரும் கூட்டத்துக்கு வரவில்லை. கூட்டம் மாலை ஏழு மணி. கிடங்குகளில் இரண்டாம் ஷிஃப்ட் அதற்குள் தொடங்கிவிடும். அதே ரயில், அதே ஏழே முக்கால்.

எனக்கு எப்படித் தெரிந்தது? ஸ்டாப் பலகை அம்மாதான் சொன்னார். போன வாரம் கிராசிங்கில் காரை நிறுத்திக் காத்திருந்தபோது கண்ணாடியைத் தட்டி, "உங்க தெருப் பிள்ளைகள் இப்போ இல்லை, வேற பிள்ளைகள்" என்றார். குறை சொல்கிற தொனி இல்லை. அவருக்கு அதே வேலைதான்.

டூயி ஜெயித்தார் என்று ஊரெல்லாம் சொன்னேனே, ஜெயித்தது எங்கள் தெரு. இரண்டு கூட்டம் இதில் அடிபட்டது. ஒன்றுக்குத் தன்னைத் தெரிந்தது, கார் இருந்தது, மாலை நேரம் இருந்தது. கடிக்கிற செருப்பைக் கழற்றி இன்னொருவன் காலில் மாட்டினதற்கு நான் தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். லிப்மன் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். ஆனால் அவர் சொன்ன வழியில் ரயிலே தெரிந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் என்னால் விட முடியவில்லை.

குறிஞ்சி, 5 பிப்ரவரி

என்ன செய்யப் போறீங்க அண்ணா?

பனிக்காட்டான், 8 பிப்ரவரி

நேற்று மத்தியானம் அந்த அடுக்ககத்துக்குப் போனேன். நாலு வீட்டில் கதவு திறந்தார்கள். ஒருவர் மட்டும் நின்று பேசினார், ஷிஃப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே. உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியிலா என்று கேட்டார். இல்லை என்றேன். பூட்ஸ் மாட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, கூட்டத்துக்கு வராமல் எழுதிக் கொடுத்தால் வாசிப்பார்களா, ஸ்பானிஷில் எழுதலாமா என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. வாரிய அலுவலகத்துக்கு இரண்டு கேள்வியையும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அடுத்த கூட்டம் 26-ஆம் தேதி.